நீலப் படகின் கறை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தானின் இருமலைப் பற்றிப் போன கடிதத்தில் நீ ஒன்றும் எழுதவில்லை. அதனால் நின்றுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். உங்கள் சலவைக்கடை போன் வழக்கம்போலச் செத்துக் கிடக்கிறது, அதனால்தான் கடிதம்.

இதை உட்கார்ந்து படி. கொதிகலன் பக்கத்தில் நின்றுகொண்டு படிக்காதே.

நேற்று எங்கள் ஏலக்கூடத்தில் ஒரு பழைய தபால்தலை விலைபோனது. நான்தான் வெள்ளைக் கையுறை மாட்டி, அதைத் தட்டில் வைத்துக் கூட்டத்துக்குக் காட்டினேன். ஒன்பது வருஷமாக என் வேலையே அதுதானே. யாரோ விற்பதை, யாரோ வாங்குவதற்காகத் தூக்கிக் காட்டுவது. கட்டைவிரல் நகம் அளவு காகிதம். நீல நிறம், நடுவில் ஒரு பாய்மரப் படகு. ஏலத்துக்கு முன் அதன் சரித்திரத்தைப் படித்தார்கள். முதல் தடவை ஏலம் விட்டபோது ஒரு சைக்கிள் விலைக்குப் போனதாம். வாங்கியவர் பல வருஷம் வைத்திருந்து ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கு விற்றாராம். அடுத்த தடவை கார். நேற்று அது போன விலைக்கு ஒரு மாடி வீடு வாங்கலாம். காகிதம் அதே காகிதம்தான் அக்கா, ஒரு நூல் அகலம்கூட வளரவில்லை. விலை மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஏலம் முடிந்தும் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றேன். ஏன் தெரியுமா? அதே நீலப் படகு நம் வீட்டில் இருக்கிறது.

சின்ன வயதில் பிஸ்கட் டப்பாவில் தபால்தலை சேர்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கப்பலில் சமையல்காரராக இருந்த பெரியப்பா அப்பாவுக்குப் போட்ட கடிதத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து எடுத்தேன். மேலே கறுப்பு மை அப்பிப் பாதிப் படகு தெரியாது. 'அழுக்குத் தலை' என்று சொல்லி எந்தப் பையனும் அதை மாற்றிக்கொள்ள மாட்டான். அதேதான்! அந்த டப்பாவைத் தேடி எடு. பத்திரம், இந்த வியாபாரத்தில் சுத்தம்தான் எல்லாம். ஒரு விரல் ரேகை பதிந்தால்கூட விலை சரிந்துவிடும்.

அது விற்றால் நான் ஊருக்கே வந்துவிடுவேன் அக்கா. நஷ்டத்தில் போன என் குடைக்கடையை இழுத்து மூடிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பின அன்று அத்தான் வாசலில் நின்று, "போறதுதான் போறே, வெறுங்கையோட மட்டும் திரும்பி வந்து நிக்காதே" என்று சொன்னார். அது இன்னும் காதில் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் அந்த வாசலை மிதிக்க எனக்கு முகம் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பதிலை எதிர்பார்த்து,
தம்பி


ஜனவரி 28

அன்பான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் முட்டி மழை வந்தால் வலிக்கும், வராவிட்டாலும் வலிக்கும். அத்தானுக்கு இருமல் நிற்கவில்லை, எனக்குக் கேட்டுப் பழகிவிட்டது, அதனால்தான் எழுதவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் படித்து எனக்குத் தலை சுற்றிவிட்டது. அத்தானிடம் படித்துக் காட்டினேன். "நம்ம வீட்டையே யாரும் அந்த விலைக்குக் கேட்க மாட்டாங்களேடி. வீட்டுக்குள்ள இருக்குற காகிதத்துக்கா?" என்றார்.

எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நம் கடைக்கு வருகிற சட்டையை எடுத்துக்கொள். புதிதில் ஒரு மதிப்பு. நாலு துவையலுக்கு அப்புறம் பாதி. காலர் கிழிந்தால் கால் துடைக்கிற துணி. இந்த உலகத்தில் எல்லாப் பொருளும் அப்படித்தான் போகிறது. உன் தபால்தலை மட்டும் எப்படித் தலைகீழாகப் போகிறது? சாப்பிட முடியாது, உடுத்த முடியாது, கடிதத்தில் ஒட்டவும் முடியாது. அதை வாங்கி என்னதான் செய்வார்கள்? பூட்டி வைப்பார்களாம். பூட்டி வைக்க எதற்கு மாடி வீட்டு விலை? யாருக்காவது மண்டை கழன்றுவிட்டதா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா?

இருக்கட்டும். டப்பா கிடைத்துவிட்டது. இஸ்திரி மேசைக்கு அடியில் இருந்தது. கஸ்டமர் துணியிலிருந்து உதிர்கிற பொத்தான்களை அதில்தான் போட்டு வைக்கிறேன். பொத்தானைக் கொட்டிவிட்டுப் பார்த்தால் அடியில் உன் நோட்டுக் காகிதம், அதில் உன் நீலப் படகு. அடேயப்பா, எவ்வளவு மை! பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. சுத்தம்தான் எல்லாம் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. உன் அக்கா யார் என்பதை மறந்துவிட்டாயா?

நீ வருவாய் என்று எழுதினாய் பார், அந்த வரியை மட்டும் தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன். மாடி அறையிலிருந்த பழைய மூட்டைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிப்ரவரி 14

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நீயும் அத்தானும் நலம்தானே? நான் அவ்வளவு நலம் இல்லை. போன வாரம் இடது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கன்னம் பன் ரொட்டி போல வீங்கிக் கிடக்கிறது. கஞ்சியில் காலம் ஓடுகிறது.

ஆனால் இது பல்லைப் பற்றிய கடிதம் இல்லை. சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அக்கா, தயவுசெய்து அந்தத் தபால்தலையைத் தொடாதே. தண்ணீர் காட்டாதே. ஊதக்கூட ஊதாதே.

தப்பு என் மேல்தான். முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டேன். இங்கே தபால்தலைகளை மதிப்பிடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் நம் படகைப் பற்றிச் சொன்னேன். "அழுக்குன்னு சொன்னீங்களே, அது எப்படி இருக்கும்? வட்டமா, நங்கூரம் மாதிரியா?" என்று கேட்டார். நங்கூரம்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

விஷயம் இதுதான். இந்த நீலப் படகு கறை இல்லாமல் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. அச்சடித்து ஒட்டப்படாமலே ஏதோ ஒரு கிடங்கில் கிடந்ததாம். அதற்கு ஒரு குவளை காபிக்கு மேல் விலை கிடையாது. உண்மையிலேயே கடிதத்தில் ஒட்டி, அந்தத் துறைமுகத் தபால் நிலையத்தில் நங்கூர முத்திரை குத்துப்பட்டது மட்டும்தான் அபூர்வம். அந்த முத்திரை சீக்கிரமே உடைந்துபோனதாம். நான் தட்டில் தூக்கிக் காட்டினதிலும் ஒரு மூலையில் நங்கூரம் இருந்ததாம், நான்தான் கவனிக்கவில்லை. ஆக, மாடி வீட்டின் விலை படகுக்கு இல்லை அக்கா. அந்த மைக்குத்தான். அந்தக் கறைதான் பணம்.

இது கிடைத்ததும் தபால்தலையை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, இருக்கிறபடியே பதிவுத் தபாலில் அனுப்பு.

அவசரத்தில்,
தம்பி


பிப்ரவரி 16

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இரவில் குளிர் அதிகமென்றால் காதை மூடிக்கொள்.

இந்தக் கடிதத்தோடு உன் நீலப் படகை வைத்திருக்கிறேன். எடுத்துப் பார். உட்கார்ந்துகொண்டு பார், இப்போது இது என் முறை!

எனக்கு இந்தத் தொழிலில் இத்தனை வருஷ அனுபவம். ரத்தம், துரு, பேனா மை, மாப்பிள்ளைக் கோட்டில் லிப்ஸ்டிக் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு பிடிவாதக் கறையைப் பார்த்ததில்லை. முதலில் ஓரத்தில் ஒரு பொட்டு மருந்து வைத்துப் பார்த்தேன். காகிதம் தாங்கியது. அப்புறம் பட்டுக்குப் போடுகிற மருந்தைப் பஞ்சு முனையில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். தேய்க்கவே இல்லை, தேய்ப்பது பழகாதவர்கள் வேலை. மை மெல்ல மெல்லப் பஞ்சுக்கு ஏறியது. கடையை அத்தான் பார்த்துக்கொண்டார். கடைசியில் வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, சூடு ஆறின இஸ்திரிப் பெட்டியை ஒரே ஒரு தடவை ஓட்டினேன்.

கறை போன இடம் தெரியவில்லை! நீலம் கொஞ்சம் வெளிறினாற்போல இருக்கும், துவைத்தால் அப்படித்தான். ஒரு அதிசயம் சொல்லட்டுமா? படகில் ஒரு ஆள் இருக்கிறான். துடுப்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவு வருஷமாக அந்த மைக்குள் மூழ்கிக் கிடந்திருக்கிறான், பாவம். அத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "உன் தம்பி ஜாடையா இருக்கான்" என்றார்.

சீக்கிரம் விற்றுவிட்டுச் சீக்கிரம் வா. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன்.

உன் வரவை எண்ணி,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே நலம் அறிய ஆவல்.

பதிவுத் தபால் கிடைத்ததா? உன்னிடமிருந்து ஜனவரிக் கடிதத்துக்கு அப்புறம் எதுவும் வரவில்லை. ஏதாவது எழுதியிருந்தால் வழியில் தொலைந்திருக்கும். இப்போதெல்லாம் தபால் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு எதுவும் வரவில்லை.

கடையில் வேலை அதிகம். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வெயில் காரணமாக இருக்கலாம்.

பல் பிடுங்கின இடம் ஆறிவிட்டதா? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி. வீக்கம் வடிகிற வரைக்கும் கஞ்சியே குடி, அவசரப்பட்டு எதையும் கடிக்காதே.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். பல் விழுந்த இடம் ஆறிவிட்டது, நீ சொன்ன உப்புத் தண்ணீர் நன்றாக வேலை செய்கிறது. நீ ஏன் சாப்பிடவில்லை? அத்தானை உன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடு.

பதிவுத் தபால் பத்திரமாக வந்தது. பிரித்துப் பார்த்தேன். மதிப்பிடுகிற அம்மாவிடம் காட்டினேன். விளக்குக்குக் கீழே வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். அப்புறம், "இதைச் சுத்தம் செஞ்சது யாரு? இப்படி ஒரு கை வேலையை நான் பார்த்ததே இல்லை" என்றார். என் அக்கா என்றேன்.

ஆகவே நீ கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. இடையில் நான் எழுதின ஒரு கடிதம் தொலைந்துபோனதும் நல்லதற்குத்தான். அதில் ஒன்றும் இல்லை, இங்கே அடிக்கிற பனியைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

ஒரே ஒரு விஷயம். இப்போது விற்பது புத்திசாலித்தனம் இல்லையாம். நீலப் படகின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் பொறுத்தால் இன்னும் ஏறும் என்கிறார்கள். அதனால் ஆடி அசைந்து செப்டம்பர் ஏலத்தில் போடலாம் என்று பார்க்கிறேன். சுண்ணாம்பு அடிப்பதற்கு அவசரமில்லை.

அத்தானுக்கு என் அன்பு.
தம்பி


ஏப்ரல் 12

அன்பான தம்பிக்கு,

அக்கா. நானும் அத்தானும் இருக்கிறோம். சாப்பாடு இறங்குகிறது. உன் உடம்பு தேவலையா?

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. நிஜமாகவே விலை ஏறிவிட்டதா? நான் சுத்தம் செய்தபிறகுமா? நன்றாக விசாரித்தாயா? அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாரா, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாரா? அதை நீ எழுதவே இல்லை.

நம் கடையில் ஒரு வக்கீல் தன் கறுப்புக் கோட்டைச் சலவைக்குப் போடுவார். அவரும் தபால்தலை சேர்க்கிறவராம். நம்முடையதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. சும்மா, பொதுவாகக் கேட்டேன்: "சார், முத்திரை குத்தின பழைய ஸ்டாம்ப்ல அந்த மையை எடுத்துட்டா விலை கூடுமா, குறையுமா?"

அவர் சிரித்தார். "எடுத்துட்டா அப்புறம் அதுல என்னம்மா இருக்கு? ஒரு கடுதாசியில ஒட்டிப் போடலாம், அவ்வளவுதான்" என்றார். கோட்டு முழுக்கப் பேனா மையோடு வருகிற ஆள், அவருக்கு என்ன தெரியும்? அந்த வாரம் அவர் கோட்டின் பையை நான் சரியாக இஸ்திரி போடவில்லை.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். விலை ஏற ஏற நீ வருகிற நாள் கிட்டத்தில் வருகிறதா, தூரத்தில் போகிறதா? எனக்கு மாடி வீடெல்லாம் வேண்டாம். கிடைக்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வா. சைக்கிள் விலை போதும். சைக்கிள் பெல் விலை கிடைத்தாலும் போதும்.

சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, உன் கடிதம் தாமதமாகத்தான் வந்தது.

காத்திருக்கும்,
அக்கா


ஜூன் 2

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத ரொம்ப நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கூடத்தில் அடுத்தடுத்து ஏலம், மூச்சு விட நேரமில்லை.

நல்ல செய்திதான். நீலப் படகு இன்னும் ஏறிவிட்டது. போன மாதம் வேறொரு ஊர் ஏலத்தில் ஒன்று போயிருக்கிறது, ஜனவரி விலையைவிடக் கூடுதலாம். மாடி வீட்டோடு தோட்டமும் சேர்ந்துகொண்டது என்று வைத்துக்கொள். இந்த நேரத்தில் விற்றால் நம்மைவிட மடையர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். விற்காமல் கையில் வைத்திருந்தவர்கள்தான் பணக்காரர்களாகியிருக்கிறார்கள், இந்தக் கூடத்தில் ஒன்பது வருஷமாக நான் கண்ணால் பார்க்கிறேன். செப்டம்பரும் சரிப்படாது போலிருக்கிறது. ஒரு வருஷம், இல்லாவிட்டால் இரண்டு வருஷம் போகட்டும். நம் படகு கூடத்தின் இரும்புப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே நான் வருவதும் கொஞ்சம் தள்ளித்தான் போகும்.

வேறு என்ன? நேற்று மேடையில் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஏலம் முடிந்து கீழே வைத்தபிறகுதான் அது ஒரு கடிகாரம் என்று பார்த்தேன். எங்கே நினைப்பு போகிறதென்று தெரியவில்லை. படுக்கப் போகும்போது தலையணைக்கு அடியிலிருந்து நீலப் படகை எடுத்துப் பார்ப்பேன். அத்தான் சொன்னது சரிதான், அந்தப் படகுக்காரன் என் ஜாடையாகத்தான் இருக்கிறான். துடுப்பு போட்டுக்கொண்டே இருக்கிறான், எங்கேயும் போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை.

முட்டியைப் பார்த்துக்கொள்.
தம்பி


ஜூன் 20

அடேய் தம்பி,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அதைக் கடைசியில் விசாரிக்கிறேன்.

இரும்புப் பெட்டகத்தில் இருக்கிற படகு உன் தலையணைக்கு அடியில் எப்படி வந்தது? பொய் சொல்வதற்கும் ஒரு கை வேண்டும், அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. எனக்கும் கிடையாது என்று இப்போது தெரிகிறது.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்தது. நான் பதிவுத் தபாலைப் போட்டுவிட்ட பிறகு வந்தது. நங்கூர முத்திரை, கறைதான் பணம், எல்லாவற்றையும் படித்தேன். கொதிகலன் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். உன் வழிச்செலவை, உன் மாடி வீட்டை, நீ தலைநிமிர்ந்து வருகிற நாளை, என் கையாலேயே பஞ்சில் தொட்டுத் தொட்டு எடுத்துவிட்டேன். அழகாக எடுத்தோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு உனக்கே அனுப்பியும் வைத்தேன். அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் கடிதம் வரவில்லை என்று எழுதினேன்.

அப்புறம்தான் நிஜமான கூத்து. விலை ஏறிவிட்டது என்று நீ எழுதினாய். நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். நாசமாக்கின பொருளுக்கு எப்படி விலை ஏறும்? ஒருவேளை தப்பாகப் படித்தேனோ என்று உன் பழைய கடிதத்தை எடுத்து வைத்துப் பார்ப்பேன். இல்லை, கறைதான் பணம் என்றே இருக்கும். ஒருவேளை அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியாதோ என்று நினைப்பேன். ராத்திரியெல்லாம் அத்தானை எழுப்பிக் கேட்பேன். "உன் தம்பி உன்னை அழவிடக் கூடாதுன்னு பார்க்கிறான்டி, இதுகூடவா புரியலை?" என்று அவர்தான் சொன்னார். அப்போதும் நான் நம்பவில்லை. நிஜமாகவே ஏறியிருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தில் இரண்டு வருஷம் என்று எழுதிவிட்டாய். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு துவைத்த காகிதத்துக்கு நாம் இரண்டு பேரும் ஆள் மாற்றி ஆள் விலை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இந்த ஏலம் போதும், நிறுத்து. தபால்தலைக்கு வயதாக ஆக மதிப்பு கூடலாம். எனக்குக் கூடாது. போன மாதம் மாடிப்படி ஏற நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது, இப்போது இரண்டு தடவை. இரண்டு வருஷம் கழித்து நீ தோட்டத்தோடு வந்து நிற்கிறபோது கதவைத் திறக்க நான் எழுந்து வர முடியுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு என் தம்பியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நீ நலமா? மறைக்காமல் எழுது.

அக்கா

மச்சான், நான் அத்தான் எழுதுறேன். உங்க அக்கா அழுதுட்டே எழுதினா, எழுத்து கோணலா இருந்தா அதுதான் காரணம். வெறுங்கையோட வராதேன்னு நான் சொன்னேன்னு உன் ஜனவரிக் கடுதாசியில இருக்கே, அது எப்போ? எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்லை. அன்னிக்கு என்ன கடுப்புல இருந்தேனோ. ஒன்பது வருஷமாவா அதை மனசுல வெச்சிருந்தே? இங்கே இஸ்திரி போட எனக்குத் தோள் ஒத்துழைக்கலை. உன் கை வெறுங்கையா இருந்தாத்தான் எனக்குச் சௌகரியம், பெட்டியைப் பிடிக்க ஒரு கை வேணும்.


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி எழுதுவது. மறைக்காமல் எழுதுகிறேன்: நான் நலமாக இல்லை, ஆனால் இன்று காலையிலிருந்து பரவாயில்லை.

அந்த அம்மா சிரித்துக்கொண்டு சொல்லவில்லை அக்கா. கையில் எடுத்ததும் முகம் வாடிவிட்டது. நங்கூரத்தின் தடம் காகிதத்தில் மங்கலாகத் தெரிந்ததாம். நீலமும் வெளுத்துவிட்டதால் ஒரு குவளை காபிகூடக் கிடைக்காது என்றார். அவர் சொன்னது வலிக்கவில்லை. சூடு ஆறின இஸ்திரிப் பெட்டி என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதுதான் வலித்தது. எவ்வளவு பக்குவமாகச் செய்திருக்கிறாய்! சுத்தம்தான் எல்லாம் என்று எழுதினவன் நான். அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அதனால் பொய்யாக விலையை ஏற்றினேன். நீ வா என்று எழுதின ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினேன்.

நேற்றுதான் உன் மார்ச் கடிதத்தை மறுபடியும் படித்தேன். பல் பிடுங்கின இடம் ஆறிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். பல் பிடுங்கினதை அந்தத் தொலைந்துபோன கடிதத்தில்தான் எழுதியிருந்தேன்! நானும் மரமண்டை போல ஆறிவிட்டது என்று பதில் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்கிற அளவுக்கு ஒரே ஆளாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

அத்தான், உங்களுக்கு ஞாபகம் இல்லை என்று படித்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை. அதை நான் ஒன்பது வருஷமாக அழுக்குப்படாமல் பொத்தி வைத்து, வருஷா வருஷம் நானே விலை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தக் கூடத்தில் அதைவிட விலை ஏறின பொருள் எதையும் நான் தூக்கிக் காட்டினதில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைத்தான் இப்போது கணக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

வேலைக்கு இன்று கும்பிடு போட்டுவிட்டேன்.

இந்த உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். மேலே பாருங்கள். செல்லுபடியாகிற தபால்தலைக்குப் பக்கத்தில் நம் நீலப் படகை ஒட்டச் சொல்லப் போகிறேன். உங்கள் வக்கீல் சொன்னதைத்தான் செய்கிறேன் அக்கா. இதோ, தபால் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டே மீதியை எழுதுகிறேன்.

கவுன்டரில் இருக்கிறவர், "இது செல்லாதுங்க" என்றார். "தெரியும். அதுமேலயும் ஒரு குத்து குத்துங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எங்கே குத்த?" என்றார். "ஓரத்துல. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான், அவன்மேல படாம" என்றேன். ஒட்டின இடம் காய்வதற்காகக் காத்திருக்கிறார், உறையை மூட வேண்டும், சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார்.

அக்கா, அந்த முத்திரையில் இன்றைய தேதி இருக்கும். அதை மட்டும் துவைத்துவிடாதே. நாளைக் காலையில் நான் கிளம்புகிறேன். கடிதம் முந்துமோ, நான் முந்துவேனோ தெரியாது. வாசலில் வந்து நிற்பேன். கையில் ஒன்றும் இருக்காது.

தம்பி